வெள்ளீயச் சிப்பாய் கடந்த வழி

இரண்டடிக்கு இரண்டடி பலகை. அதன் ஒரு விளிம்பில் ரோமானியக் குடியரசின் காலாட்படை, கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலை எதிர்த்து நின்ற அதே அணிவகுப்பில் நிற்கிறது. எதிர் விளிம்பில் 14-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பிரபுக்களின் கவசக் குதிரைப்படை. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு காடு, ஒரு மேடு, பதினைந்து நூற்றாண்டுகள். இப்படியொரு போர் நடந்ததில்லை, நடந்திருக்கவும் முடியாது. ஆனால் சிப்பாய்கள் ஒவ்வொருவரும் ஒன்றரை சென்டிமீட்டர் உயரமே உள்ள இந்தக் களத்தில் அந்தப் போர் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வென்றது யார், ஏன் வென்றார் என்ற பேச்சுதான் அதைவிட நீளும்.

பொருந்தாத இரண்டு படைகளை மோதவிடும் இந்த விளையாட்டைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தக் குட்டிச் சிப்பாய் எங்கே பிறந்தான், யார் யார் கையில் வளர்ந்தான், எந்த வழியாக இந்த மேசைக்கு வந்து சேர்ந்தான் என்று பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். சமமில்லாத இருவரை நியாயமாக மோதவிடுவது எப்படி என்ற ஒரே கேள்விதான் இருநூற்றைம்பது ஆண்டுகளாக அவனை நகர்த்தி வந்திருக்கிறது.

பிறந்த ஊர் ஜெர்மனியின் நியூரம்பெர்க். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே வெள்ளீயத்தில் தட்டும் குவளையும் வார்த்துப் பிழைத்த குடும்பங்கள் பல. பீங்கான் பாத்திரம் பரவப் பரவ அவர்கள் தொழில் படுத்தது. கையில் உலோகம் இருக்கிறது, வார்க்கும் திறமை இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. அந்தக் காலத்தில்தான் ஜோகன் காட்ஃபிரீட் ஹில்பெர்ட் என்ற வார்ப்புக் கலைஞர் சிறிய தட்டை உருவங்களை வார்த்து விற்றுப் பெயர் பெற்றார். 1777-ல் அவர் வார்த்த பிரஷிய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் உருவம் இன்றும் சேகரிப்பாளர்கள் பேசும் பொருள்.

செய்முறை எளிமையானது, செய்யும் கைதான் எளிதில் வாய்க்காது. இரண்டு சிலேட்டுக் கற்களை எடுத்து மட்டமாகத் தேய்த்து, ஒன்றில் சிப்பாயின் ஒரு பக்கத்தையும் மற்றதில் மறுபக்கத்தையும் குழிவாகச் செதுக்குவார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து உருகிய உலோகத்தை ஊற்றினால் நொடிகளில் இறுகிவிடும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகுகிறது. ஈயம் கலந்தால் அதற்கும் கீழே. பெரிய உலை தேவையில்லை. கிடைக்கும் உருவம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம்தான். விளிம்புப் பக்கமாகப் பார்த்தால் ஒரு கோடு மாதிரி நிற்கும். முகப்பைத் திருப்பினால் சட்டைப் பொத்தானும் குதிரையின் கடிவாள வாரும் தெரியும். வண்ணம் தீட்டும் வேலையைப் பெரும்பாலும் வீடுகளிலிருந்த பெண்களும் பிள்ளைகளும் செய்தார்கள். 1839-ல் தொழில் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சனின் பட்டறை 30 மில்லிமீட்டர் உயரத்தை நிலைநிறுத்தியது. அளவு ஒன்றானதும் ஒரு பட்டறையின் குதிரைவீரன் இன்னொரு பட்டறையின் காலாளோடு ஒரே களத்தில் நிற்க முடிந்தது. பவேரியாவில் குல்ம்பாக் நகரின் பிளாசன்பர்க் கோட்டையில் இத்தகைய உருவங்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே சுமார் மூன்று லட்சம் உருவங்கள் உள்ளன.

சிப்பாய் பிறந்துவிட்டான். ஆனால் அவனுக்கு இன்னும் விதிகள் இல்லை. வரிசையாக நிற்க வைக்கலாம், தட்டிவிடலாம், அவ்வளவுதான். விதிகள் வேறு வழியாக வந்தன. அந்த வழி நம் பக்கத்திலிருந்து தொடங்குகிறது.

யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்திய சதுரங்கம், பாரசீகம் வழியாக ஐரோப்பா போய்ச் செஸ் ஆனது. செஸ்ஸின் அழகே இரண்டு தரப்பும் ஒரே அச்சில் வார்த்தது போல் இருப்பதுதான். அதுவே குறையாகவும் பட்டது ஜெர்மன் கணிதப் பேராசிரியர் ஹெல்விக்கிற்கு. எந்தப் போரில் எதிரியும் நாமும் இப்படி ஒன்றுபோல நின்றிருக்கிறோம்? எந்த மைதானம் மேடு பள்ளம் இல்லாமல் இருந்திருக்கிறது? 1780-ல் அவர் வெளியிட்ட போர்ச் சதுரங்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள். மலைக்கு ஒரு நிறம், ஆற்றுக்கு ஒரு நிறம், சதுப்புக்கு ஒரு நிறம். பிறகு பிரஷியாவில் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு கட்டங்களையே தூக்கி எறிந்தார். 1812-ல் அவர் மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியமுக்குச் செய்துகொடுத்த மேசையில் நிலமே சாந்தால் வார்த்த துண்டுகளாகப் பல இழுப்பறைகளில் இருந்தது. அடுக்கி அடுக்கி வேண்டிய களத்தை உருவாக்கலாம்.

அவருடைய மகன் பீரங்கிப்படை அதிகாரி. 1824-ல் அவர் அதை 1:8000 அளவிலான நிலப்படத்துக்கும் சின்ன உலோகக் கட்டைகளுக்கும் மாற்றினார். கூடவே இரண்டு பெரிய காரியங்கள் செய்தார். ஒன்று, இரு தளபதிகளுக்கும் நடுவே ஒரு நடுவரை உட்கார வைத்தார். எதிரி எங்கிருக்கிறான் என்பதில் உங்கள் கண்ணுக்குத் தெரியக்கூடியதை மட்டும் அவர் சொல்வார். இன்னொன்று, பகடை. ஐம்பது துப்பாக்கிகள் ஒரே தூரத்திலிருந்து சுட்டாலும் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையில் ஆள் விழமாட்டான் என்பது பீரங்கிக்காரருக்குத் தெரியும். வலியவன் பெரும்பாலும் வெல்வான், எப்போதும் வெல்லமாட்டான் என்ற உண்மையைக் கணக்காக்க வேண்டுமென்றால் பகடையைத் தவிர வழியில்லை. பிரஷிய ராணுவத் தலைமைப் பணியகத்தின் தலைவர் முஃப்லிங் அதைப் பார்த்துவிட்டு ராணுவம் முழுவதற்கும் பரிந்துரைத்தார். ஆனால் அதை உருவாக்கிய இளைஞர் 1827-ல் தற்கொலை செய்துகொண்டார். 1870-71 போரில் பிரஷியா பிரான்சை வீழ்த்திய பிறகுதான் மற்ற நாட்டு ராணுவங்கள் இந்த விளையாட்டைத் தேடிப் படித்தன.

ராணுவ அலுவலகத்துக்குள் போன விளையாட்டில் சிப்பாய்க்கு இடமில்லை. அங்கே சிவப்பும் நீலமுமான கட்டைகள் போதும். அதே காலத்தில் சிப்பாயை நம்பி வாழ்க்கையையே அடகு வைத்த அதிகாரி ஒருவர் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தார். அவர் கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும்.

வில்லியம் சைபோர்ன் என்ற அந்த அதிகாரி 1830-ல் வாட்டர்லூ போர்க்களத்தின் மாதிரி ஒன்றைச் செய்யப் பணிக்கப்பட்டார். ஊர் திரும்பிப் புத்தகம் பார்த்துச் செய்யும் ஆள் இல்லை அவர். களத்தின் நடுவிலிருந்த லா ஹே சாந்த் பண்ணைவீட்டில் மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்தார். எந்த வயலில் என்ன பயிர் நின்றது, எந்த வேலி எவ்வளவு உயரம் என்பதுவரை குறித்தார். போரில் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார்: 1815 ஜூன் 18 மாலை சுமார் ஏழு மணிக்கு உங்கள் பிரிவு எங்கே நின்றது, எதிரே யார் இருந்தார்கள்? நூற்றுக்கணக்கில் பதில்கள் வந்தன. நடுவில் அரசாங்கம் பணத்தை நிறுத்திவிட்டது. கடன் வாங்கித் தொடர்ந்தார். 1838-ல் லண்டனில் அந்த மாதிரி காட்சிக்கு வந்தபோது பல்லாயிரக்கணக்கான குட்டி உருவங்கள் அதில் நின்றன. லட்சம் பேர்போல வந்து பார்த்தார்கள். கடன் மட்டும் தீரவில்லை.

சிக்கல் வேறிடத்தில் வெடித்தது. அந்த மாலை நேரத்தில் பிரஷியப் படை களத்துக்குள் எவ்வளவு தூரம் வந்துவிட்டிருந்தது என்று சைபோர்ன் தன் சான்றுகளின்படி காட்டியிருந்தார். அதை அப்படியே நம்பினால் வாட்டர்லூ வெற்றியில் பிரஷியர் பங்கு மிகப் பெரியது. பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பிரபுவின் தரப்புக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் சைபோர்ன் பிரஷிய உருவங்களில் பல்லாயிரத்தைக் களத்திலிருந்து எடுத்துவிட்டார். ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள ஈயத்துண்டு இருந்தால் ஒரு வரலாறு, இல்லாவிட்டால் இன்னொன்று. படையின் எண்ணிக்கையும் இடமும் எவ்வளவு பெரிய வாதம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரியாது. அந்த மாதிரி இன்று லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சைபோர்ன் 1849-ல் இறந்தார். அவர் திரட்டிய கடிதங்களில் ஒரு பகுதியை அவர் மகன் 1891-ல் நூலாக்கினார். வாட்டர்லூவைப் பற்றி எழுத வருகிறவர்கள் இன்றுவரை அதைத் தொடாமல் போவதில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 1893-ல், சிப்பாய் சாதாரண வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு வந்தான். வடக்கு லண்டனில் பொம்மை செய்துவந்த வில்லியம் பிரிட்டன் குடும்பம் ஒரு புதிய உத்தியைக் கண்டது. உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி, அச்சின் சுவரை ஒட்டிய தோல் மட்டும் இறுகியதும் மிச்சத்தை உடனே கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டும். உள்ளே கூடான, முழு உருண்டையான சிப்பாய் கிடைப்பான். உலோகம் மிச்சம், எடை குறைவு, விலை குறைவு. அதுவரை சந்தையை ஆண்ட ஜெர்மன் திண்ம உருவங்கள் பின்வாங்கின. 54 மில்லிமீட்டர் உயரம் பொம்மைச் சிப்பாய்களின் வழக்கமான அளவானது.

அந்தப் பொம்மையை வைத்து வளர்ந்தவர்களும் விளையாடினார்கள். எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1880-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் நோயோடு கிடந்த குளிர்காலங்களில், வளர்ப்பு மகன் லாயிடுடன் சேர்ந்து ஈயச் சிப்பாய்களை வைத்துப் பெரும் போர்கள் நடத்தியவர். இன்னொரு எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் இந்த விளையாட்டை ஒரு புத்தகமாகவே எழுதினார். 1913-ல் வந்த ‘லிட்டில் வார்ஸ்’ பொது வாசகருக்காக அச்சான முதல் பொம்மைப் போர் விதிநூல்களில் புகழ்பெற்றது. வில் கம்பி வைத்த பொம்மைப் பீரங்கியிலிருந்து சிறு மரக்குச்சி நிஜமாகவே பாயும். யார் மேல் பட்டதோ அவன் செத்தான். காலாள் ஒரு முறைக்கு ஓரடி, குதிரை இரண்டடி. கைகலப்பு என்றால் ஆளுக்கு ஆள் சாவு. வெல்ஸின் உலகில் எல்லாச் சிப்பாயும் ஒரே தரம். தேர்ந்த படையும் புதுப்படையும் அங்கே வேறில்லை. பெரிய போரின் முட்டாள்தனத்தைச் சின்னப் போரை ஆடினால் புரிந்துகொள்ளலாம் என்பது அவர் நம்பிக்கை. அடுத்த ஆண்டே பெரிய போர் வந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் கதை நம் ரோமானியரையும் பிரெஞ்சுக்காரரையும் நெருங்குகிறது. இடம், இங்கிலாந்தின் தென்கரையில் துறைமுக நகரமான சௌத்தாம்ப்டன். டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் போரில் டாங்கிப் படையில் இருந்தவர். பின்னர் சௌத்தாம்ப்டன் கால்பந்து அணியின் பிசியோதெரபிஸ்ட். 1962-ல் அவர் எழுதிய ‘வார் கேம்ஸ்’ நூலைப் படித்துத்தான் ஒரு தலைமுறையே இந்த விளையாட்டுக்கு வந்தது. அவருக்கு நண்பர் டோனி பாத். பாத்திடம் இருந்தவை பண்டைய, இடைக்காலப் படைகள், பெரும்பாலும் ஜெர்மனியின் அந்தப் பழைய 30 மில்லிமீட்டர் தட்டை உருவங்கள். கிரேக்கர், பாரசீகர், இடைக்கால வீரர்கள் எல்லாம் கையில் இருக்கிறார்கள். வரலாற்றுப்படி பார்த்தால் பாதிப் பேர் பாதிப் பேரைச் சந்தித்ததே இல்லை. பாத் ஒரு கற்பனைக் கண்டத்தை எடுத்துக்கொண்டார். ராபர்ட் ஈ. ஹோவர்டின் கோனன் கதைகளில் வரும் ஹைபோரியா அது. அதன் நாடுகளை இந்தப் படைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். மன்னர்கள், அமைச்சர்கள், துரோகிகள், திருமணங்கள், வரவு செலவு, பனிக்காலம் என்று ஆண்டுக்கணக்கில் அந்தப் போர்த்தொடர் நடந்தது. காலம் பொருந்தாத படைகள் மோதுவதற்கு ஒரு காரணமும் ஒரு நாடும் கிடைத்தன. 1965-ல் பாத் தொடங்கிய பண்டையோர் சங்கம் இன்றும் ‘ஸ்லிங்ஷாட்’ என்ற இதழை நடத்துகிறது. பண்டைய போர்முறை பற்றி ஆர்வலர்கள் எழுதிய கட்டுரைகளுக்கு அது ஒரு களஞ்சியம்.

அந்த ஆண்டுகளில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் பெட்டிக்கு நாற்பதுக்கு மேல் பிளாஸ்டிக் சிப்பாய்களைப் பள்ளிப் பையன்களின் கைச்செலவுக்கு விற்றது. கலிபோர்னியாவில் ஜாக் ஸ்க்ரூபி ரப்பர் அச்சில் உலோகம் வார்த்துச் சிறு தொழிலாக நடத்திக் காட்டினார். சிலேட்டுக் கல்லைச் செதுக்க நாள் பிடிக்கும். ரப்பர் அச்சை வீட்டிலேயே எடுக்கலாம். அசிரியர், சிரியர், சீனர், ஆஸ்டெக் என்று உலகத்துப் படைகள் எல்லாம் வார்ப்புக்கு வந்ததற்கு இந்த ரப்பர்தான் காரணம்.

படைகள் பெருகின, ஆடுகிறவர்களும் பெருகினார்கள், போட்டிகள் வந்தன. போட்டிக்கு வருகிறவர் தன்னிடம் உள்ள ஒரே படையைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு வருவார். எதிராளியிடம் இருப்பது ஆயிரம் ஆண்டு தள்ளியிருக்கும். இங்கேதான் பொருந்தாத் தன்மை உண்மையான சிக்கலானது. 1969-ல் ஃபில் பார்க்கரும் கூட்டாளிகளும் சேர்ந்து வெளியிட்ட வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் விதிகள் அதற்கு ஒரு விடை சொல்லின. ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு விலை. கவசம் இருந்தால் இவ்வளவு, வில் இருந்தால் இவ்வளவு, மன உறுதி மிகுந்தவனானால் இன்னும் கொஞ்சம். இரண்டு தரப்பும் ஒரே மொத்தப் புள்ளிக்குப் படை திரட்ட வேண்டும். கவச வீரன் ஒருவனுக்கு ஈடாக எத்தனை கவண்காரர்கள் என்று ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பதில் சொன்னார். மற்றவர்கள் இருபது ஆண்டு அதை எதிர்த்து வாதாடினார்கள். அந்த வாதத்துக்காகவே பலர் லத்தீன் நூல்களையும் அகழாய்வு அறிக்கைகளையும் தேடிப் படித்தார்கள். பார்க்கரே ரோமப் பேரரசின் படைகளையும் அதன் எதிரிகளையும் பற்றி 1972-ல் தனி நூல் எழுதினார்.

1990-ல் பார்க்கர் தரப்பு எல்லாவற்றையும் சுருக்கி ‘டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாடிஸ்’ என்ற விதிகளைக் கொண்டுவந்தது. ஆடுகிறவர்கள் டிபிஏ என்பார்கள். எந்த நாட்டுப் படையானாலும் பன்னிரண்டு பிரிவுகள்தான். ஒரு பிரிவு என்பது நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு அட்டை, அதன் மேல் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு உருவங்கள். பொதுவாக, நான்கு பிரிவுகளை இழந்தவர் தோற்றார். கி.மு. 3000-லிருந்து இடைக்காலத்தின் முடிவு வரை நூற்றுக்கணக்கான படைகளுக்குப் பட்டியல் உண்டு.

இப்போது நம் பலகைக்கு வருவோம். ரோமானியரின் பன்னிரண்டில் ஆறு பிரிவுகள் வாள்வீரர்கள். காலாட்படையை எதிர்த்தால் அவர்கள் பலம் 5. குதிரையை எதிர்த்தால் 3. பிரெஞ்சுக் கவசக் குதிரைக்குக் காலாளை எதிர்க்கும்போது பலம் 3. மூன்றுக்கு மூன்று, சமம் என்று தோன்றும். இருவரும் ஆளுக்கொரு பகடை உருட்டித் தம் பலத்தோடு கூட்டுவார்கள். வழக்கமாக, கூட்டுத்தொகை குறைந்தவர் பின்வாங்குவார்; எதிரியின் தொகையில் பாதி அல்லது அதற்கும் கீழே போனால்தான் அழிவார். ஆனால் ஒரு தனி விதி இருக்கிறது: சமவெளியில் கவசக் குதிரை வாள்வீரனை ஒரு எண் வித்தியாசத்தில் வென்றாலும் வாள்வீரன் அழிந்தான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு பகடைகள் விழக்கூடிய 36 வகைகளில் 15-ல் குதிரை வெல்லும். அத்தனையிலும் ரோமானியப் பிரிவு அழியும். ரோமானியர் வெல்வதும் 15 வகைகளில்தான். ஆனால் குதிரை அழிவது அவற்றில் இரண்டில் மட்டும். எண்கள் சமம், கதி சமமில்லை. ஈட்டியைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு முழு வேகத்தில் வரும் குதிரைக் கூட்டத்தை நோக்கிக் குறுவாளோடு நிற்கும் மனிதனுக்கு என்ன ஆகும் என்ற ஒரு வரலாற்று மதிப்பீடு அந்த ஒற்றை விதியில் இருக்கிறது.

அப்படியானால் ரோமானியர் தோற்றே தீரவேண்டுமா? இல்லை. ஒவ்வொரு முறையும் தளபதி ஒரு பகடை உருட்டுவார். விழுந்த எண் அளவுக்குத்தான் அவரால் நகர்த்த முடியும். சிதறிய குதிரைகளை ஒன்று சேர்க்கப் பிரெஞ்சுத் தளபதியிடம் கட்டளை போதாமல் போகலாம். மேட்டின் மேல் நிற்கும் வாள்வீரனுக்கு ஒன்று கூடும். காட்டின் ஓரத்தில் நின்றால் குதிரையின் அந்த உடனடிக் கொலை விதி செல்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வென்ற கவசக் குதிரை நின்ற இடத்தில் நிற்க முடியாது. துரத்திக்கொண்டு முன்னே போக வேண்டும். அப்படிப் போனவனின் இரு விலாவும் திறந்துவிடும். பக்கவாட்டில் நிற்கும் ஒவ்வொரு ரோமானியப் பிரிவுக்கும் அவன் பலத்தில் ஒன்று குறையும். 3 என்பது 1 ஆகிவிட்டால் பாதிக்குக் கீழே போவது எளிது. முதல் வரிசையில் ஒரு பிரிவைப் பலிகொடுத்து, வென்று உள்ளே வந்தவனை மூன்று பக்கமும் சூழ்ந்து கொல்லலாம். 1346-ல் கிரெசிப் போரில் பிரெஞ்சுப் பிரபுக்களைக் கெடுத்ததும் இந்த அவசரம்தான். ரோமானியர் அதை அறிந்திருக்க வழியில்லை, ஆடுகிறவர் அறிந்திருக்கிறார்.

பொருந்தாத போரின் பயன் எனக்கு இங்கேதான் தெரிகிறது. எந்தப் படையும் சும்மா ‘நல்ல படை’ இல்லை. அது தன் எதிரியைப் பார்த்து வளர்ந்த படை. ரோமானிய அணிவகுப்பு கிரேக்க ஈட்டி வரிசைக்கும் இத்தாலிய மலைக்குடிகளுக்கும் விடையாக உருவானது. அதன் எதிரே அதற்குச் சொந்தமில்லாத ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தும்போதுதான் அதன் ஒவ்வொரு உறுப்பும் எதற்காக இருந்தது என்று புலப்படுகிறது.

ஆனால் புள்ளிக் கணக்கு தொடாத பொருந்தாமை ஒன்று உண்டு. அது கற்பனை இல்லை, நடந்தது. 1898 செப்டம்பர் 2 அன்று சூடானின் ஓம்துர்மானில் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே மஹ்தியைப் பின்பற்றியவர்களின் படை வந்தது. அன்று மாலைக்குள் அவர்கள் தரப்பில் பத்தாயிரம் பேர் போல இறந்தார்கள். பிரிட்டிஷ்-எகிப்தியத் தரப்பில் இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. இதை மேசையில் எப்படி ஆடுவது? சமப் புள்ளி கொடுத்தால் அது ஓம்துர்மான் ஆகாது. உள்ளபடியே வைத்தால் ஒரு தரப்புக்கு ஆட ஒன்றுமில்லை. எதிர்மாறாக, 1879 ஜனவரி 22 அன்று இசாண்டில்வானாவில் சுமார் 20,000 ஜூலு வீரர்கள் பிரிட்டிஷ் முகாமைச் சூழ்ந்து 1,300-க்கும் மேற்பட்டோரை வீழ்த்தினார்கள். அதே நாள் மாலை ரோர்க்ஸ் டிரிஃப்ட்டில் சுமார் 150 பேர் சில ஆயிரம் ஜூலுக்களை விடியும்வரை தடுத்து நின்றார்கள். இத்தகைய போர்களை ஆட விரும்பியவர்கள் வெற்றியின் இலக்கணத்தை மாற்றினார்கள். பிரிட்டிஷ் தரப்புக்குக் கேள்வி, விடியும்வரை தாங்கினாயா என்பது. ஜூலு தரப்புக்குக் கேள்வி, சுவரைத் தாண்டினாயா என்பது; எத்தனை பேர் விழுந்தார்கள் என்பது கணக்கில் வராது. அமெரிக்கர் லாரி பிராம் 1979-ல் எழுதிய விதிகளில் அடுத்து எந்தப் பிரிவு அசையும் என்பதைச் சீட்டுக்கட்டு சொல்லும். துப்பாக்கி வைத்திருப்பவருக்கும் நிம்மதி இருக்காது.

ஆள் எண்ணிக்கையைக் கணக்கில் சேர்க்காத ஆட்டம் ஒரு விதத்தில் நெஞ்சை உறுத்துகிறது. அந்த எண்ணிக்கை ஒரு காலத்தில் மனிதர்கள். ஆனாலும் ஜூலு தரப்பில் உட்கார்ந்து ஒருமுறை ஆடியவர், அவர்களை வெறும் கூட்டம் என்று எழுதிய பழைய புத்தகங்களை மறுபடி நம்பமாட்டார். கொம்பு போல இரு பக்கமும் வளைந்து சூழும் அவர்கள் அணிவகுப்பை நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு கடினமான தளபதி வேலை என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

சிப்பாயின் பயணத்தில் மிச்சம் உள்ளதை விரைவாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ் இன்னொருவரோடு சேர்ந்து எழுதி 1971-ல் வந்த இடைக்காலப் போர் விதிநூலின் பின்னிணைப்பில் மந்திரவாதியும் டிராகனும் நுழைந்தார்கள். அதிலிருந்து 1974-ல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பிறந்தது. ஈயம் உடம்புக்குக் கேடு என்பதால் 1990-களில் வார்ப்பு நிறுவனங்கள் பல ஈயம் கலக்காத வெள்ளீயக் கலவைக்கு மாறின. ஹில்பெர்ட் கையாண்ட உலோகத்துக்கே சுற்றித் திரும்பியதுபோல் ஆயிற்று. பழைய ஈயச் சிப்பாய்களை ஓக் மர அலமாரியில் வைக்கக் கூடாது என்பது சேகரிப்பாளர்கள் அறிந்த விஷயம்: ஓக் மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைத் தூளாக அரித்துவிடும். 28 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருவங்கள் இப்போது பெட்டி பெட்டியாக வருகின்றன. முப்பரிமாண அச்சுப்பொறி இருந்தால் வீட்டிலேயே பிசினில் ஒரு யானைப்படையை எடுத்துக்கொள்ளலாம்.

யானைப்படை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பார்க்கர் தரப்பின் படைப்பட்டியல்களில் தமிழர் படையும் ஒன்று. யாரோ ஓர் ஆங்கிலேயர் வீட்டு மேசையில் தமிழ் யானைகள் வைக்கிங்குகளையும் ரோமானியரையும் எதிர்த்திருக்கின்றன. அந்தப் படைக்கு வேண்டிய சான்றுகள் நம் கோயில் சுவர்களில் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் மும்மடிச் சோழத் தெரிந்த ஆனைப்பாகர், சிங்களாந்தகத் தெரிந்த கைக்கோளர் என்று ராஜராஜனின் படைப்பிரிவுகள் பெயர் பெயராக வருகின்றன. எந்தப் பிரிவு வாள், எது வில், எது குதிரை, எதன் பலம் எவ்வளவு என்று அந்தப் பெயர்களிலிருந்து ஒரு பட்டியல் போடுவது தமிழும் கல்வெட்டும் தெரிந்த ஒருவர் செய்ய வேண்டிய வேலை. வரலாறு படிக்கும் மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்தால் போதும். பன்னிரண்டு அட்டைகள், நாற்பது களிமண் பொம்மைகள், இரண்டு பகடைகள். களத்துக்கு வீட்டில் இருக்கும் கேரம் பலகையே தாராளம். அதன் ஆடுபரப்பு 29 அங்குலம். தொடங்குங்கள்.